தீட்டு வீட்டுக்குப் போட்ட டிக்

புதிதாக நியமனம் பெற்று மலைநாட்டுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தண்ணீர் மாதிரி எடுப்பதையும் குளோரின் அளப்பதையும் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், கையில் போனும் இருக்கிறது. நாலு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நீங்கள் எடுத்த முடிவு தப்பென்று தெரிந்தால் என்ன செய்வது? வகுப்பில் யாரும் சொல்லித் தராத அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் கொஞ்சம் பெருமை பிடித்தவன். என்னோடு வேலை செய்தவர்கள் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தேன். அம்மா கொழுந்து பறிக்கப் போன நேரமெல்லாம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஏணையில் தூங்கினேன். கொட்டகலையில் படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க மோட்டார் சைக்கிளில் அதே தோட்டங்களுக்குள் பீ.எச்.ஐ ஐயாவாக நுழைந்தேன். லயத்துச் சனத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு தலைக்குள் நன்றாக ஏறியிருந்தது. இந்தக் கதையில் வரும் தப்பு அந்த நினைப்பில்தான் பிறந்தது. ஆனாலும் முப்பத்திரண்டு வருஷச் சேவையில் எதற்காக அதிகம் பெருமைப்படுகிறாய் என்று கேட்டால், இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

றொசல்ல பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். சித்திரை மாதம், மாரியம்மன் கோயில் திருவிழா. மூன்று நாளும் அன்னதானம், மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பந்தி. இரண்டாம் நாள் சனிக்கிழமை காலையில் தோட்டத்து மருத்துவமாது போன் எடுத்தார். அவரை நாங்கள் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சும்மா பதறுகிற ஆள் இல்லை.

"ஐயா, மேல் லயத்துல விடியக்காலையில இருந்து வாந்தியும் பேதியுமா கெடக்குறாங்க. சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி மாதிரி போகுது. எனக்கு இது சரியாப் படல."

கஞ்சித் தண்ணீர் என்று கேட்டதும் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன். கொலராவுக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அடையாளம் அது. நம் நாட்டில் கொலராவைப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது. நான் பார்த்ததே இல்லை. ஆனால் மலையகத்தில் வாந்திபேதி என்ற சொல்லுக்குத் தனிப் பாரம் உண்டு. தென்னிந்தியாவில் இருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தபோது, பாதையோரம் விட்டுவிட்டு வந்த பிணங்களில் பாதி அந்த நோய்க்குப் போனவை என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் இன்றைக்கும் ஆட்கள் ஓர் அடி பின்னுக்குப் போவார்கள்.

போய்ப் பார்த்தேன். மேல் லயத்தில் ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் ஆள் படுத்திருந்தது. மிஸ்ஸியும் நானும் நோயாளிகளின் பெயரைக் கொப்பியில் எழுதினோம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக நான் கட்டம் போட்டிருந்தேன்: வயது, எப்போது தொடங்கியது, கோயிலில் சாப்பிட்டாரா. முதல் ஏழெட்டு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுக்கொண்டே போனேன். தோட்டத்தில் திருவிழாச் சோறு சாப்பிடாதவன் யார்? லயத்தில் பிறந்த எனக்கு இதைக் கேட்டா தெரிய வேண்டும்?

நேராகக் கோயிலுக்குப் போனேன். மடப்பள்ளியில் பழனியாண்டி அடுப்பு முன்னால் நின்றார். தொழிற்சாலையில் வேலை, திருவிழா வந்தால் சமையல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூசணிக்காய் வெட்டிக் குவித்திருந்தது, அண்டாவில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"ஐயா, இருவத்திரெண்டு வருசமா இந்த அடுப்பப் பத்த வைக்கிறேன். அம்மனுக்குப் படைக்கிற சோறு. ஒருத்தருக்கு வயிறு வலிச்சதுன்னு இதுவரைக்கும் கேட்டதில்லைங்க."

"கிருமிக்கு அம்மனைத் தெரியாது, பழனியாண்டி" என்றேன்.

அண்ணே என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். சுற்றி நின்ற தோட்டத்துத் தலைவர்மாருக்கும் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னேன். அந்த வசனம் அழகாக விழுந்தது என்று அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பழனியாண்டி கொள்ளிக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். நான் கதவைப் பூட்டிச் சீல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தி இல்லை. அந்தக் கோயிலில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலமே செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தோட்டத்துச் சந்தியில் பஸ் நிற்காமல் போனது. மரக்கறி விற்க வரும் வேன் கேற்றோடு திரும்பியது. எல்லாவற்றையும்விட மோசம், பழனியாண்டி வீட்டு நிலைமை. அவர் மனைவி மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்த வீட்டுக் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்க ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே சோறு போட்ட மனிதரை நான் ஒரே வசனத்தில் விஷம் வைத்தவராக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் பலர் விழுந்தார்கள். அன்றைக்கு யாரும் கோயிலில் சாப்பிடவில்லை. அது என்னைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கிருமி வயிற்றுக்குள் போய் வேலை காட்ட நாள் எடுக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குச் சமாதானம் சொல்லக் காரணமா கிடைக்காது? மிஸ்ஸியும் நானும் வீடு வீடாக ஜீவனி பாக்கெட் கொடுத்தோம். உடம்பில் இருந்து போகும் உப்பையும் நீரையும் ஈடு செய்கிற தூள் அது. "கொதித்து ஆறின தண்ணியில கரைச்சுக் குடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்து இறங்கி வந்தேன்.

திங்கட்கிழமை பகல் மிஸ்ஸி மறுபடியும் போன் எடுத்தார். சரோஜா என்று மேல் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அவர் மகள் ஜெயந்தி, பதினாறு வயது, சனிக்கிழமையே என் பட்டியலில் இருந்தவள். அவளுக்கு இப்போது பேச்சு குழறுகிறது.

நான் போனபோது பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. கையில் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. மணிக்கட்டில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்து லொறியை உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் சரோஜா ஒரு ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்க குடுத்ததத்தான் குடுக்குறேங்க. ரெண்டு நாளா ஒரு பாக்கெட்டும் வீணாக்கல. குடிக்கக் குடிக்கக் கூடிக்கிட்டே போகுது."

"எந்தத் தண்ணியில கரைச்சீங்க?"

"பைப்புத் தண்ணிதாங்க."

"கொதிக்க வைக்கச் சொன்னேனே."

"சொன்னீங்க. வெறகப் பாருங்க." முன்திண்ணை இஸ்தோப்பின் மூலையைக் காட்டினார். பத்து நாள் மழையில் நனைந்த விறகு, மேலே பூஞ்சை பிடித்திருந்தது. "தேத்தண்ணி வைக்கவே ஊதி ஊதிக் கண்ணு போகுது. பானைத் தண்ணிய எப்படிங்க கொதிக்க வைக்கிறது? லயம் முழுக்க இதே கததான்."

என் கையால் கொடுத்த மருந்தை, எந்தத் தண்ணீர் என்று தெரியாமலே குடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அப்போது ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. பழியைச் சோற்றின் மேலேயே போட ஒரு கடைசி முயற்சி செய்தேன். கோயிலில் பிள்ளை எத்தனை தடவை சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

சரோஜா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னா கேக்குறீங்க? மாமியா செத்து இன்னைக்குப் பதினோரு நாளு. பதினாறு இன்னும் முடியல. தீட்டு வீட்டுக்காரங்க கோயில் பக்கம் தலவச்சுப் படுப்பாங்களா?"

"வீட்டுக்கு யாராவது சோறு கொண்டுவந்து குடுத்தாங்களா?"

"அம்மன் சோத்த எழவு வீட்டுக்கு யாருங்க கொண்டாருவா? நீங்க லயத்துல பொறந்தவங்கதானே."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. உள்ளே கிழவியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமையும் எரிந்திருக்கும். நான் வாசலில் நின்றே பெயரை எழுதிக்கொண்டு போனவன். கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஜெயந்தி, பதினாறு வயது, கோயிலில் சாப்பிட்டாரா என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் கொழுத்த ஒரு டிக். கொழும்பில் இருந்து வந்த ஒரு பரிசோதகர் என்றால் இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருப்பான், ஏனென்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் நான் கேட்கவில்லை.

லொறி வந்தது. மிஸ்ஸி ஜெயந்தியை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் அதே இடத்தில் நின்று பட்டியலை முதலில் இருந்து வாசித்தேன். படுத்திருந்தவர்கள் எல்லோரும் மேல் லயம். கீழ் லயத்தில் ஒரே ஒருவர், அவரும் திருவிழாவுக்காக மேல் லயத்துத் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கியவர். கீழ் லயத்துச் சனமும் கோயிலில் வயிறாரச் சாப்பிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ் லயத்துக்கும் மடப்பள்ளிக்கும் பீலித் தண்ணீர். மலை ஊற்றில் இருந்து ஓயாமல் விழும் தண்ணீர் அது. மேல் லயத்துக்கு மட்டும் தண்ணீர்த் தாங்கியில் இருந்து பைப். இதெல்லாம் சனிக்கிழமையே என் கொப்பிக்குள் இருந்தது. பார்க்கிற கண்தான் இல்லை.

சரோஜாவின் கணவரைக் கூட்டிக்கொண்டு பைப்பைப் பிடித்தபடியே மேலே ஏறினேன். ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பழைய கக்கூஸ் வரிசைக்குக் கீழே, மழையில் குழி நிரம்பி வழிந்த சேற்றுக்குள் அந்தப் பைப் கிடந்தது. மூட்டு வெடித்த இடத்தில் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த வழியாகத்தான் மேல் லயம் முழுவதற்கும் நோய் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று பிறகு மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று பதில் கிடைத்தது. அன்றைக்கு யாரிடமும் கேட்கவில்லை. தாங்கியின் வால்வை நானே திருகி மூடினேன்.

மூடிவிட்டால் மேல் லயத்துக்குத் தண்ணீர்? தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பீலியில் இருந்து சுமக்கலாம். ஆனால் நோய் பரவும் நேரத்தில் இத்தனை கையும் காலும் படும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கொதிக்க வைக்கக் காய்ந்த விறகு வேண்டும், ஊருக்கே போதுமான பெரிய பாத்திரம் வேண்டும். அந்தத் தோட்டத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. திருவிழாவுக்காக மாதக்கணக்கில் காயவைத்து அடுக்கிய விறகும், ஆறு அண்டாவும், நான் சீல் வைத்த மடப்பள்ளிக்குள்.

எங்கள் வைத்திய அதிகாரி ஒரு சிங்களப் பெண். நல்ல மனசு, என்னைவிட வயது குறைவு. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையைப் பரிசோதித்து விடுவித்ததாக ஒரு வரி எழுதி, சீலை எடுத்துவிடுங்கள், அது போதும் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். சட்டப்படி போதும்தான். ஆனால் பழனியாண்டியின் பெயரை நான் கெடுத்தது காகிதத்தில் இல்லையே. ஆள் முன்னால் கெடுத்ததை ஆள் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. சும்மா நல்லவனாகக் காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, இன்னொரு கணக்கும் இருந்தது. சோறுதான் காரணம் என்று சனம் நம்பிக்கொண்டிருக்கும்வரை பைப்புக்குப் பயப்படாது. இன்றைக்கு நான் மூடியதை நாளைக்கு யாராவது திறந்துவிடுவார்கள்.

நாலரை மணிக்குக் கொழுந்து நிறுக்க எல்லோரும் கொழுந்து மடுவத்துக்கு வருவார்கள். தோட்டத்து மேலாளர் தொரையிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டபடி, கூடையைக்கூட இறக்காமல் பெண்கள் நின்றார்கள். தொழிற்சாலையில் இருந்து ஆண்களும் வந்திருந்தார்கள். கடைசியில், தூணோரம், தனியாகப் பழனியாண்டி. அவரைச் சுற்றி ஆள் நிற்காத ஒரு வட்டம் இருந்தது.

எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"கோயில் சோத்துல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் மேல் லயத்துப் பைப்புல. அதவிடப் பெரிய குத்தம் எங்கிட்ட. தீட்டு வீட்டுப் புள்ளையும் கோயில்ல சாப்பிட்டுச்சுன்னு கேக்காமலே எழுதிப்புட்டேன். அந்தப் புள்ள இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கு. பழனியாண்டி அண்ணே, உங்களப் பத்தி எல்லாரு முன்னாலயும் தப்பாப் பேசினேன். எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

வேலையே போனாலும் போகட்டும் என்று நின்றேன். பழனியாண்டி மெதுவாக முன்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சீல் வச்சது நீங்க. நீங்களே வந்து ஒடைங்க" என்றார். அவ்வளவுதான்.

உடைத்தேன். அடுத்த அரை மணியில் ஆறு அடுப்பும் எரிந்தன. கீழ் லயத்துப் பெண்கள் பீலியில் இருந்து அண்டாவரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். கொதித்த தண்ணீரை மூடிய வாளிகளில் மேல் லயத்துக்கு ஆண்கள் சுமந்தார்கள். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்த கால்கள் அவை. யாருக்கும் யாரும் உத்தரவு போடவில்லை. ஜீவனியைக் கோயிலிலேயே ஆறின தண்ணீரில் அளந்து கரைத்துக் கொடுத்தோம். பழனியாண்டி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "ரசத்துக்கு இது பத்தாது" என்று மிஸ்ஸியிடம் சொன்னாராம். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நான்கு நாள் அந்த அடுப்புகள் அணையவில்லை. பவுசர் வந்த பிறகும் சனம் அண்டாத் தண்ணீரைத்தான் கேட்டது.

வியாழக்கிழமைக்குப் பிறகு புதிதாக ஒருவரும் விழவில்லை. ஒரு சாவும் இல்லை. இதை எழுதும்போது இப்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது. ஆய்வுகூட முடிவு தாமதமாகத்தான் வந்தது. கொலரா இல்லை, வேறொரு கிருமி. அது வரும்வரை கைகட்டிக்கொண்டு இருந்திருந்தால், கிருமியின் பெயர் தெரிந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். வயிற்றுப்போக்கு எந்தப் பெயரில் வந்தாலும் ஏழை லயத்துக்குள் நுழையும் வழி ஒன்றுதான். மேட்டில் இருக்கும் தொரை பங்களாவின் தண்ணீரில் அது வருவதில்லை. பைப்பைப் புதிதாகப் போட வைக்க ஒரு வருஷம் அலைந்தேன், கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. போட வைத்துவிட்டுத்தான் அந்தத் தோட்டத்தை விட்டேன்.

ஜெயந்தி ஒரு கிழமையில் வீடு திரும்பினாள். பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைப் பந்தியை ஊர்கூடி நடத்தினார்கள். எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் போனேன். முதல் பந்தியில், நடுவில் இடம் போட்டு உட்கார வைத்தார்கள். ஜெயந்திதான் தண்ணீர் ஊற்றினாள். கேத்தலில் இருந்து, கொதித்து ஆறின தண்ணீர்.

பழனியாண்டி அண்ணனே சோற்றுக் கூடையோடு வந்தார். என் இலையில் சோறு வைத்தார், பூசணிக்காய் கறி வைத்தார், சாம்பார் ஊற்றினார். அடுத்த இலைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். பந்தியே என்னைப் பார்த்தது. நான் பிசைந்து முதல் வாய் சாப்பிட்டேன்.

"கொப்பி கொண்டாந்தீங்களா ஐயா?"

பையில் எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

"கடைசியில உங்க பேர எழுதுங்க."

எழுதினேன்.

"கோயில்ல சாப்பிட்டாரான்னு மொதல்ல கேளுங்க. கேட்டுட்டு அப்புறமா டிக் போடுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. பல நாளுக்குப் பிறகு அவரும் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சாம்பார் காரம் என்று யாரும் நம்பவில்லை.

சேவையில் வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் வீட்டில் ஒரு கோப்பில் கிடக்கின்றன. அவற்றைத் தேடினால்தான் கிடைக்கும். இந்தக் கொப்பி மட்டும் மேசை மேல் இருக்கிறது. ஒரே பக்கத்தில், ஜெயந்தி என்ற பெயருக்கு நேராக நான் கேட்காமல் போட்டு, பிறகு வெட்டிய டிக். கடைசி வரியில் என் பெயர், அதற்கு நேராக இன்னொரு டிக். அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, கோயிலில் சாப்பிட்டீர்களா என்று என்னையே நான் கேட்டேன். சாப்பிட்டேன் என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அதைப் போட்டேன்.